நோசன் ஊரின் தகரத் தலைகள்

என் கையில் இருப்பது ஒரு பழைய பொம்மையின் தகரத் தலை. அதன் மார்புத் தகட்டில் ஆங்கில எழுத்தில் 'மினர்வா' என்று புடைத்து நிற்கிறது. கூடவே விரல்நகம் அளவுக்கு ஒரு போர்த் தலைக்கவசம். திருப்பினால் முதுகுப் பக்கம் 'ஜெர்மனி' என்ற சொல்லும், அளவைக் குறிக்கும் ஓர் எண்ணும். நெற்றியில் படிந்த சுருள்முடி, நீலக் கண்கள், சிவப்பு பூசிய கன்னம், சின்ன வாய். மூக்கு நுனியில் மட்டும் பெயின்ட் போய், அடியில் இருக்கும் சாம்பல் நிறத் தகடு தெரிகிறது. உள்ளே வெறும் கூடு. சுண்டினால் கணீரென்று இல்லாமல் மொட்டையான ஒரு தகரச் சத்தம் வருகிறது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எல்பே ஆற்றங்கரையில் சனிக்கிழமைகளில் பழம்பொருள் சந்தை கூடும். அங்கே வாங்கியது இது. நான் பொம்மை சேகரிக்கிற ஆள் இல்லை. மெல்லிய உலோகத் தகட்டை அழுத்தி உருவமாக்கும் அச்சு, அதாவது டை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. அந்த வேலைக்காகத்தான் டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்துக்கு வந்தேன். அதனால் கையில் எடுத்ததும் என் கண் முகத்துக்குப் போகவில்லை. காதுக்குப் பின்னால் தொடங்கி, கழுத்து வழியாக இறங்கி, தோளில் முடியும் அந்த இணைப்புக் கோட்டுக்குத்தான் போனது. அதைப் பார்த்த பிறகு வைத்துவிட்டு வர மனம் வரவில்லை. செய்த நிறுவனத்தின் பெயர் புஷோ உண்ட் பெக். ஊர் நோசன், டிரெஸ்டனுக்கு மேற்கே முல்டே ஆற்றின் கரையில் இருக்கும் சிறு நகரம். அன்றிலிருந்து அந்த நிறுவனத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். ஒரு குழந்தையின் அழுகையை நிறுத்துவதற்காக ஒரு பட்டறை தன் தொழிலறிவு முழுவதையும் இறக்கியிருக்கிறது என்ற எண்ணம்தான் என்னை இதில் இழுத்து வைத்திருக்கிறது.

கதை புரிய வேண்டுமென்றால் அதற்கு முன் பொம்மைத் தலைகள் எதனால் செய்யப்பட்டன என்று பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகத்துக்கே பொம்மை செய்து அனுப்பிக்கொண்டிருந்தது ஜெர்மனி. அதிலும் துரிங்கியா வட்டாரம்: சோனெபெர்க், வால்டர்ஸ்ஹவுசன் போன்ற ஊர்கள். அங்கே வீட்டுக்கு வீடு இந்த வேலை நடந்தது. ஒரு குடும்பம் கை செய்யும், ஒரு குடும்பம் கண் பொருத்தும், இன்னொன்று சட்டை தைக்கும். குழந்தைகளும் இரவு வரை உட்கார்ந்து வேலை செய்தார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கான தலைகள் பிஸ்க் என்று சொல்லப்படும் மெருகிடாத பீங்கானில் வந்தன. ஆர்மண்ட் மார்சேய், சீமோன் உண்ட் ஹால்பிக் போன்ற பெயர்களைப் பழம்பொம்மைப் பிரியர்கள் இன்றைக்கும் பக்தியோடு உச்சரிக்கிறார்கள்.

பிஸ்க் தலையின் அழகுக்கு ஒரு காரணம் உண்டு. குழம்பான களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, காயவைத்து, 1200 டிகிரிக்கு மேல் சுடுவார்கள். கன்னத்துச் சிவப்பையும் புருவத்தையும் அதன் பிறகு தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடியும் சூளைக்கு அனுப்புவார்கள். நிறம் பீங்கானோடு உருகி ஒட்டிவிடும். அதனால்தான் 130 வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கன்னங்கள் சிவந்தே இருக்கின்றன. ஆனால் மேசையிலிருந்து ஒரு தடவை விழுந்தால் போதும், கதை முடிந்தது. ஒட்டுப்போடலாம், ஆனால் அது ஒட்டுப்போட்ட முகம்தான். மற்ற பொருள்களும் தேறவில்லை. மெழுகுத் தலை வெயிலில் இளகும், குளிரில் விரிசல் விடும். காகிதக் கூழ்த் தலை ஈரம் பட்டால் ஊறும். எலிக்கும் அது பிடிக்கும். மரத் தலையைக் கையால் செதுக்கியாக வேண்டும்.

ஆக, பொம்மை வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒருநாள் தலை உடைந்த பொம்மை ஒன்று மிஞ்சியது. உடம்பு நன்றாக இருக்கும், உடுப்பு நன்றாக இருக்கும், தலை மட்டும் இருக்காது. அந்த இடத்தில்தான் உலோகம் நுழைந்தது.

1880-களின் நடுவில், அன்றைய ஜெர்மனியின் கிழக்குப் பகுதியான சிலேசியாவில் ரைஷென்பாஹ் ஊரைச் சேர்ந்த யோசெஃப் ஷோன் தகட்டை அச்சில் அழுத்திப் பொம்மைத் தலை செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே ரைஷென்பாஹையும் சாக்சனியின் நோசனையும் இடமாகக் கொண்டு 1888-இலிருந்து புஷோ உண்ட் பெக் பெயர் பொம்மை வரலாற்றில் வரத் தொடங்குகிறது. இந்த வகைத் தலையை உலகமெல்லாம் பரப்பிய பெயர் அதுதான்.

நோசனை எனக்குப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் அங்கிருந்து ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மைசன். 1710-இல் ஐரோப்பாவின் முதல் அசல் பீங்கான் தொழிற்சாலை தொடங்கிய ஊர். அதுவரை சீனாவிலிருந்து கப்பலில் வந்த பொருளை, இங்கேயே செய்யக் கற்றுக்கொண்ட இடம். அரசர்களின் மேசைக்குப் போன தட்டும் கோப்பையும் அங்கே சூளையில் வெந்துகொண்டிருக்க, பக்கத்து ஊரில் பீங்கானுக்கு மாற்றாகத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். நோசன் அன்றைக்கு ரயில் பாதைகள் சந்திக்கும் ஊர். லைப்சிக் பக்கம் போகவும், டிரெஸ்டன் பக்கம் போகவும், ரீசாவுக்கும் ஃப்ரைபெர்குக்கும் போகவும் அங்கிருந்தே வண்டி உண்டு. தகடு வந்து இறங்கவும் பெட்டி பெட்டியாகத் தலைகள் போகவும் அப்படிப்பட்ட ஊர்தான் தோது.

இனி, என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு மனித முகத்தைத் தகட்டில் அடிப்பது லேசான காரியம் இல்லை. சட்டி, தட்டு, மூடி போன்றவை வட்டமானவை; தகடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுபடும். முகத்தில் அப்படி இல்லை. நெற்றி தட்டையாக இருக்கிறது, அதற்குக் கீழே திடீரென்று கண்குழி, பக்கத்திலேயே மூக்கு மேலே எழும்புகிறது, உடனே உதட்டுக்கு இறங்க வேண்டும். தகட்டை இழுக்க இழுக்க அது மெலியும். மூக்கு நுனியில்தான் அதிகமாக மெலியும். ஒரே அடியில் ஆழமாக இழுத்தால் அங்கே கிழிந்துவிடும். ஓரங்களிலோ தகடு மிஞ்சிப்போய்ச் சுருக்கம் விழும். அதனால் தகட்டைப் படிப்படியாக ஆழப்படுத்தி, நடுவில் சூடுகாட்டி இளக்கி, மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கும். பித்தளையாக இருந்தால் இழுப்புக்கு நன்றாக வளைந்துகொடுக்கும். மினர்வா தலைகளில் பித்தளையிலும் உண்டு, மலிவான தகரத்திலும் உண்டு. பித்தளைத் தலை என்றால் பெயின்ட் உதிர்ந்த மூக்கில் மஞ்சள் தெரியும். தகரம் என்றால் சாம்பல் நிறம், அல்லது துரு.

முழுத் தலையை ஒரே துண்டாக அடிக்க முடியாது. முன்பாதியும் பின்பாதியும் தனித்தனி. நம்மூர்ப் பண்ருட்டியில் கொலு பொம்மைக்கு முன் அச்சு, பின் அச்சு என்று இரண்டில் கூழை அமுக்கி எடுத்து ஒட்டுகிறார்களே, அதே கணக்குதான். இங்கே ஒட்டுவதற்குப் பதிலாக ஈயம் பற்றவைத்தார்கள். முன்பாதியோடு மார்புத் தகடும், பின்பாதியோடு முதுகுத் தகடும் சேர்ந்தே அடிபட்டு வரும். ஓரத்தை வெட்டி, பிசிறெடுத்து, இரண்டையும் பொருத்தி, உச்சந்தலையிலிருந்து தோள் வரை பற்றவைத்து, அரத்தால் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். தோள் தகட்டின் கீழ் விளிம்பில் தைப்பதற்குத் துளைகள். என் கையில் இருக்கும் தலையில் இணைப்புக் கோடு காதின் பின் மடிப்புக்குள் ஒளிந்துகொள்கிறது. கோடு எங்கே ஓட வேண்டும் என்று மாதிரி உருவத்தைச் செதுக்கியவரும் டை வெட்டியவரும் கூடிப் பேசாமல் இது நடந்திருக்காது. காதைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருந்தால் கோடு கன்னத்தில் ஓடி முகமே கெட்டுப்போயிருக்கும்.

அச்சில் அடித்த பொருள் அச்சிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். உள்பக்கமாக மடங்கிய வடிவம் எதையும் டை விடாது. அதனால்தான் மினர்வா பொம்மைகளின் தலைமுடி மண்டையோடு ஒட்டிப் படிந்திருக்கிறது. சுருள்கள் ஆழமில்லாமல் அலை அலையாக இருக்கின்றன. மூக்குத் துளை வெறும் சிவப்புப் புள்ளி. பீங்கான் பொம்மையின் முகத்தில் இருக்கும் கூர்மை இதில் இல்லை என்று சேகரிப்பாளர்கள் குறை சொல்வார்கள். இந்தத் தகட்டுக்கும் இந்த டைக்கும் இதற்கு மேல் கூர்மை கேட்க முடியாது என்பேன் நான். இன்றைக்குக் கணினியில் தகட்டின் மெலிவைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் நாங்கள் டைக்கே போகிறோம். அன்றைக்கு அதைக் கை அனுபவத்தால் மட்டும் செய்திருக்கிறார்கள். வாயைத் திறந்து பல் வைத்த முகங்கள்கூட அவர்களிடம் இருந்தன. கண்ணாடிக் கண், படுக்கவைத்தால் மூடிக்கொள்ளும் கண், உச்சியை வெட்டித் திறந்து அதன்மேல் விக் ஒட்டிய தலை, குட்டை முடி வைத்த பையன் முகம் என்று வகைவகையாக விற்றார்கள்.

எஃகில் ஒரு டை செதுக்க ஆகும் செலவு பெரியது. செய்துவிட்டால் அதைத் தேயும்வரை ஓட்டினால்தான் முதல் திரும்பும். அந்தக் காரணத்தால் பல வருஷங்களுக்கு ஒரே முகம் வந்துகொண்டே இருந்தது. அம்மா வைத்து விளையாடிய முகமும் மகள் வைத்து விளையாடிய முகமும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். மினர்வாவை ஆண்டு கணித்துச் சொல்வது கஷ்டம் என்பதும் இதனால்தான். முடியின் ஸ்டைலைப் பார்த்து 1890 என்று சொன்னால், அது பல ஆண்டுகள் கழித்தும் அடிக்கப்பட்டிருக்கலாம்.

முதுகில் இருக்கும் 'ஜெர்மனி' என்ற சொல் ஓரளவுக்கு உதவும். 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகே ஜெர்மன் பொம்மைகளில் நாட்டின் பெயர் வழக்கமாக வரத் தொடங்கியது. ஆங்கிலத்தில் பொறித்திருப்பதிலிருந்தே இந்தத் தலைகள் யாருக்காக அடிக்கப்பட்டன என்று தெரிந்துவிடும். அமெரிக்காதான் பெரிய சந்தை. நியூயார்க்கில் ஏ. விஷர் அண்ட் கோ என்ற நிறுவனம் மினர்வா தலைகளை இறக்குமதி செய்து விற்றது. சியர்ஸ் ரோபக் போன்ற தபால்வழி விற்பனைக் கடைகளின் தடித்த கேட்டலாக்குகளிலும் மினர்வா தலைகள் இடம்பெற்றன. உடையாது, கழுவலாம், எடை குறைவு, பீங்கானின் அழகும் தகட்டின் உறுதியும் ஒன்றாகச் சேர்ந்தது என்பதுதான் விளம்பரத்தின் சாரம்.

அங்கே விற்றது பெரும்பாலும் முழுப் பொம்மை இல்லை, தலை மட்டும். இந்த விஷயத்தை நான் மெதுவாகத்தான் உள்வாங்கினேன். இன்றைக்கு யாராவது பொம்மைத் தலையைத் தனியாக வாங்குவதைக் கண்டால் நமக்கு ஒரு மாதிரியாக இருக்கும். அன்றைக்கு அது ஸ்பேர் பார்ட். கன்சாஸ் பக்கம் ஏதோ ஒரு பண்ணை வீட்டில் பீங்கான் தலை உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகில் கடை கிடையாது. கேட்டலாக்கைப் பிரித்து, பழைய தலையின் உயரத்தையும் தோளின் அகலத்தையும் அளந்து, அதற்குச் சரியான எண்ணைப் பார்த்து ஆர்டர் எழுதுவார்கள். தபாலில் ஒரு தலை வரும். அம்மா ஊசி நூல் எடுத்துப் பழைய உடம்பில் தைத்துவிடுவாள். பழைய உடம்பே இல்லாவிட்டாலும் பிரச்சினை இல்லை. கையில் கிடைத்த துணியில் ஓர் உடம்பு வெட்டி, மரத்தூளோ பஞ்சோ அடைத்து, தலையை அதில் தைத்தால் புதுப் பொம்மை. கடையில் முழுப் பொம்மை வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் இப்படி ஒரு பொம்மை வந்து சேர்ந்தது.

நான் வாங்கிய தலை ஓர் உடம்போடுதான் வந்தது. ஒரு காலத்தில் ரோஜா நிறமாக இருந்திருக்கக்கூடிய, இப்போது வெளுத்த பழுப்பாகிவிட்ட பருத்தித் துணி. உள்ளே மரத்தூள், அழுத்தினால் முழங்கால் தையலிலிருந்து கொஞ்சம் கொட்டும். தொழிற்சாலைத் தையல் இல்லை, கைத்தையல். இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் நீளம். விரல்களைப் பிரிப்பதற்குத் துணியின் மேலேயே நான்கு கோடு ஓட்டியிருக்கிறார்கள். தோள் தகட்டின் துளைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு வித நூல் இருக்கிறது. சில துளைகளில் துணியின் நிறத்துக்கே போய்விட்ட பழைய பருத்தி நூல், அறுந்துபோய்த் துணுக்காக நிற்கிறது. எல்லாத் துளைகளிலும் அதற்கு மேல் தடித்த கறுப்பு நூல், அவசரமாகவும் பலமாகவும் போட்ட தையல். முதல் தையல் விட்டுப்போன பிறகு இன்னொரு கை, அல்லது அதே கை இன்னொரு நாளில், இனிமேல் இது கழலக்கூடாது என்ற தீர்மானத்தோடு தைத்திருக்கிறது. முழுசாக விளையாடப்பட்ட பொம்மை இது.

பீங்கான் பொம்மைகளின் அரங்குகளை அருங்காட்சியகங்களில் பார்க்கும்போது எனக்கு இந்த நிறைவு கிடைப்பதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கீறலும் இல்லாமல் நூறு வருஷத்துக்கு மேல் ஒரு பொம்மை இருக்கிறது என்றால், அதன் பாதி ஆயுள் அலமாரியின் மேல்தட்டில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கழிந்திருக்கிறது என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறக்கி, பெரியவர்கள் பார்த்திருக்க மடியில் வைத்துக்கொள்ளக் கொடுத்த பொம்மை அது. மினர்வாவைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம், தொட்டியில் குளிப்பாட்டலாம். படிக்கட்டில் உருட்டினாலும் எடுத்து நிமிர்த்திக்கொள்ளலாம். ஒரு நெளிவு விழும், அவ்வளவுதான். மலிவு விலையில் பிள்ளைகளுக்கு இந்தச் சுதந்திரத்தை நோசன்காரர்கள் விற்றார்கள். நான் மதிக்கும் பொறியியல் இதுதான். பொருளின் பலவீனம் யாரைப் பாதிக்கிறதோ அவரை நினைத்துக்கொண்டு போட்ட டிசைன்.

அவர்களிடமும் ஒரு குறை இருந்தது, அதைத் தீர்க்க அவர்களால் முடியவில்லை. பெயின்ட். பீங்கானில் நிறம் சூளையில் உருகிச் சேர்கிறது என்றேன். தகரத்தில் அது மேலே படிந்து நிற்கிறது, அவ்வளவே. ஈயப்பற்று உருகிவிடும் என்பதால் அதிகச் சூட்டில் சுடவும் முடியாது. தகடு வெயிலில் விரிகிறது, குளிரில் சுருங்குகிறது. காய்ந்து இறுகிய பெயின்ட்டால் அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. நெளிவு விழுந்த இடத்தில் பெயின்ட் சில்லு சில்லாகத் தெறிக்கும். குளிப்பாட்டிய தண்ணீர் இணைப்புக் கோட்டின் வழியே உள்ளே இறங்கி, அடியில் துருவைக் கிளப்பி, பெயின்ட்டை உள்ளிருந்து தள்ளும். மூக்கு, கன்னத்து மேடு, நெற்றி மயிரின் விளிம்பு என்று முகத்தில் எங்கெங்கே மேடு இருக்கிறதோ அங்கே எல்லாம் முதலில் தேய்ந்தது. முத்தம் கொடுத்த இடமும் அதுதான், தரையில் மோதிய இடமும் அதுதான். தலை உடையாது என்ற வாக்கைக் காப்பாற்றினார்கள். முகம் அழியாது என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை.

போட்டிக்கும் ஆள் இருந்தது. டிரெஸ்டனை ஒட்டிய டாய்பென் என்ற ஊரில் கார்ல் ஷ்டாண்ட்ஃபுஸ் இதே மாதிரித் தலைகளை 'யூனோ' என்ற பெயரில் செய்தார். (டாய்பென் 1921-இல் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஃப்ரைடால் நகரமாகிவிட்டது.) துரிங்கியாவின் மைனிங்கனில் ஆல்ஃப்ரெட் ஹெல்லர் செய்தவை 'டயானா'. மினர்வா, யூனோ, டயானா மூவரும் ரோமானியத் தேவதைகள். அடுத்தடுத்து மூன்று பட்டறைகள் ஒரே புராணத்திலிருந்து பெயர் எடுத்திருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் பெயர் எடுபட்டதும் அடுத்தவர் அதே வரிசையில் ஒரு பெயரைத் தேடியிருக்க வேண்டும். மினர்வா அறிவுக்கும் கைத்தொழிலுக்கும் உரிய தெய்வம், தலைக்கவசம் அணிந்தவள். உலோகத்தில் தலை செய்பவருக்கு அதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது. மூன்றில் இன்றைக்கு அதிகமாகக் கண்ணில் படுவது மினர்வாதான். யூனோ எப்போதாவது கிடைக்கும். டயானா அரிது.

உலோகத் தலையை முதலில் ஓரங்கட்டியது வேறொரு புதுப்பொருள், செல்லுலாய்டு. மன்ஹைமில் ரைனிஷே கும்மி உண்ட் செல்லுலாய்டு ஃபாப்ரிக் என்ற ஆலை 1896-இல் செல்லுலாய்டு பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆமைச் சின்னம் போட்ட ஷில்ட்க்ரோட் பொம்மை என்றால் இன்றைக்கும் ஜெர்மனியில் எல்லாருக்கும் தெரியும். செல்லுலாய்டில் நிறத்தைப் பொருளிலேயே கலந்துவிடலாம். தேய்ந்தாலும் அடியில் அதே தோல் நிறம்தான். தண்ணீர் ஒன்றும் செய்யாது. தகரத்தைவிட நயமான முகமும் வரும். அதற்கும் ஒரு பெரிய ஆபத்து இருந்தது: நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள், அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் குபீரென்று பற்றிக்கொள்ளும். இருந்தும் சந்தை அதன் பக்கம் சாய்ந்தது. புஷோ உண்ட் பெக் அதை எதிர்த்து நிற்காமல் தாங்களும் செல்லுலாய்டுக்கு வந்து, அதே தலைக்கவசச் சின்னத்தைப் பொறித்து விற்றார்கள். ஷ்டாண்ட்ஃபுஸும் அதே வழிக்கு வந்தார். அதனால் இன்றைக்குத் தலைக்கவசச் சின்னத்தைப் பார்த்த மாத்திரத்தில் உலோகத் தலை என்று முடிவுகட்ட முடியாது. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த அடி 1914-இல் விழுந்தது. போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியின் வாணிபத்தை மறித்தது. 1917-இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கக் கடைகளில் ஜெர்மன் பொம்மை இல்லை. அந்த இடைவெளியில் ஜப்பானின் மொரிமுரா சகோதரர்கள் பிஸ்க் தலைகளை அனுப்பினார்கள். மரத்தூளையும் பசையையும் கலந்து அமுக்கிய கலவைத் தலைகளை அமெரிக்கர்கள் தாங்களே பெருவாரியாகச் செய்யத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் கீபெலர்-ஃபால்க் நிறுவனம் அலுமினியத்தில்கூடச் செய்து பார்த்தது. போர் முடிந்து ஜெர்மானியர்கள் திரும்பி வந்தபோது அந்தப் பழைய சந்தை அப்படியே இல்லை. உலோகத் தலைகள் 1920-களிலும் தொடர்ந்தன, ஆனால் பழைய வீச்சு திரும்பவில்லை. பின்னால் வந்த வினைல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது: உடையாது, நிறம் போகாது, எரிந்தாலும் செல்லுலாய்டு மாதிரி வெடித்து எரியாது. நோசன் பட்டறை எதைத் தேடிக்கொண்டிருந்ததோ அது கடைசியில் வேதியியல் கூடத்திலிருந்து வந்தது.

இன்றைக்கு மினர்வா தலைக்கு விலை குறைவு. நல்ல பிஸ்க் பொம்மைக்குக் கொடுப்பதில் சிறு பங்குதான். ஏலக் குறிப்புகளில் 'வழக்கமான பெயின்ட் உதிர்வு' என்று ஒரு வரி போட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. பொம்மைகளின் வரலாறு என்பது குழந்தைகளின் வரலாறும்தானே? நடுத்தர வீடுகளிலும் ஏழை வீடுகளிலும் பிள்ளைகள் எதைக் கட்டிக்கொண்டு தூங்கினார்கள் என்று கேட்டால், பாரிஸ் பட்டு உடுத்திய பீங்கான் சீமாட்டியைவிடத் தேய்ந்த மூக்குத் தகரத் தலை நமக்கு அதிகம் சொல்லும். அதிலும் அந்த வீட்டுத் தையல் உடம்பு. அதில் எந்த நிறுவனத்தின் முத்திரையும் இல்லை, எந்தக் கேட்டலாக்கிலும் அது வராது. ஆனாலும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் கை வேலை, அவள் வீட்டுத் துணி, அவள் அளவெடுத்த கணக்கு எல்லாம் அதில் இருக்கின்றன.

சந்தையில் ஒன்றைப் பார்த்து வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். முதலில் மார்பில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். பழைய பெயின்ட் மெல்லியது. எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். எழுத்துகளின் இடுக்கு அடைபட்டு மொழுக்கென்று இருந்தால் மேலே யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மூக்கு பளபளவென்று புதிதாக இருந்து, தோள் தகட்டின் உள்பக்கம் துரு ஏறியிருந்தாலும் அதே சந்தேகம்தான். புருவத்தையும் பாருங்கள். பட்டறையில் நாள் முழுவதும் புருவமே எழுதிய கை ஒரே இழுப்பில் எழுதும். மறுபெயின்ட்டில் தயங்கித் தயங்கிப் போன கோடு தெரியும். மறுபெயின்ட் அடித்தது எல்லாமே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். 1930-களில் ஒரு தாத்தா பேத்திக்காக வீட்டு பெயின்ட்டில் மூக்கைச் சரிசெய்திருந்தால் அதுவும் அந்தப் பொம்மையின் வாழ்க்கைதான். ஆனால் விற்பதற்காக நேற்று அடித்த பெயின்ட்டை நான் வாங்கமாட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஈரத்துணி படக்கூடாது. கழுவலாம் என்ற அந்தக் கால விளம்பரத்தை இன்றைக்கு நம்ப வேண்டாம். மென்மையான உலர்ந்த தூரிகை போதும். ஈரமில்லாத இடத்தில், வெயில் நேரே படாமல் வையுங்கள். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பது வழக்கம். பற்றவைத்ததிலும் ஈயம் உண்டு. ஆகவே சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கக்கூடாது, தொட்டால் கையைக் கழுவ வேண்டும். தகட்டின் ஓரமும் சில இடங்களில் கையைக் கிழிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று: வியாபாரிகளில் சிலர் கிழிந்த துணி உடம்பைப் பிரித்துத் தூக்கிப் போட்டுவிட்டுத் தலையை மட்டும் ஸ்டாண்டில் நிறுத்தி விற்கிறார்கள், பார்க்க லட்சணமாக இருக்கிறதாம். தோள் துளைகளில் அறுந்த நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தால், உடம்பு எங்கே என்று கேளுங்கள். மேசைக்கு அடியில் பெட்டியில் கிடந்தால் அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.